அக்கா இன்னும் பார்க்கவில்லை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வலைப்பக்கத்தின் உள்பக்கத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். சொந்தக்காரர் வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன்.

எனக்குக் கழுத்து வலி. ஒரு பிசியோதெரபி நிலையத்தில் நேரம் வாங்குவதற்காக அவர்களுடைய பக்கத்தைத் திறந்தேன். பெயர், வயது, தொலைபேசி எண் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பினேன். நான்காவது கேள்வி: 'வலி எப்போது தொடங்கியது?' கை நின்றுவிட்டது. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு எனக்குச் சட்டென்று பதில் வராது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரமாவது இருக்கும். எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் கண் எழுத்துகளுக்குப் பின்னால் போயிற்று.

பின்னால் புள்ளிகள். சாம்பல் கலந்த நீலத்தில், கடுகளவு, பக்கம் முழுக்க வரிசை வரிசையாக. யாரும் உற்றுப் பார்ப்பதற்காக வைத்தவை அல்ல. வெறும் வெள்ளையாக விட்டால் கண்ணை உறுத்துமே என்று வைத்தவை. ஆனால் இடது ஓரத்தில், மேலிருந்து ஒன்பதாவது வரிசையில், ஒரே ஒரு புள்ளி மட்டும் செங்கல் நிறத்தில் இருந்தது.

சட்டையைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பதுபோல் வலைப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க முடியும். அது எழுதப்பட்ட விதம் அப்படியே தெரியும். பார்த்தேன். எண்களும் அடைப்புக்குறிகளுமாக நீண்டு கிடந்த வரிகளுக்கு நடுவே தமிழில் மூன்று வாக்கியங்கள் இருந்தன.

/* இந்தப் புள்ளி பிழை இல்லை. எடுக்க வேண்டாம். அக்கா இன்னும் பார்க்கவில்லை. */

இரண்டு பக்கமும் சாய்கோடும் உடுக்குறியும் போட்டு எழுதினால் கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மனிதருக்கு மனிதர் விட்டுச்செல்லும் குறிப்பு அது. எனக்கு விட்டுச்செல்லவில்லை என்பது தெரியும்.

/* இந்தக் கதையிலும் அவ்வப்போது இப்படி எழுதப்போகிறேன். வேண்டாதவர்கள் கணினியைப் போலத் தாண்டிப் போகலாம். */

2

எழுத உட்காரும் முன் இந்தப் பின்னணிகளை எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்தேன்.

படமே கிடையாதாம். சி.எஸ்.எஸ். என்ற மொழியில் நாலு வரி எழுதுகிறார்கள். இந்த அகலத்தில் ஒரு சதுரம். அதன் நடுவே இந்த நிறத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே ஒன்றும் வேண்டாம். பக்கம் நிறையும்வரை இதையே திரும்பத் திரும்ப வை. அவ்வளவுதான். ஒரு சதுரம் எழுதினால் ஆயிரம் சதுரம் கிடைக்கும். கோடுகள், கட்டங்கள், மீன் செதில், தேன்கூடு எல்லாமே இந்த வழியில்தான். (புள்ளி என்றதும் எல்லோருக்கும் தோன்றுகிற உவமை எனக்கும் தோன்றியது. கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன். இன்னும் நிற்கிறது.)

இதிலிருந்து எனக்குப் புரிந்த ஒன்றை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். ஒரு சதுரத்தில் பிழை விட்டால் ஆயிரம் சதுரத்திலும் அதே பிழை இருக்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் கைதவறி நிறம் மாற வழியே இல்லை. அதற்கென்று தனியாக ஓர் அடுக்கு எழுதி, எந்த இடம் என்று குறித்து, 'திரும்ப வைக்காதே' என்றும் ஒரு கட்டளை எழுத வேண்டும். யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள்.

யார்? எதற்கு? மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே

(எல்லோரும் முதல் நாளில்தான் தொடங்குகிறார்கள்.)

புள்ளி என்பது நீளமும் அகலமும் இல்லாத

(கட்டுரையாகப் போய்விடும்போல் இருந்தது.)

ஒன்பதாவது வரிசையில் அவள் தன் அக்காவுக்காக ஓர் இடம் பிடித்து வைத்தாள்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. ஆனால் அதற்கு என்ன பொருள் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. தெரியாத வாக்கியத்தில் தொடங்கப் பயந்து, சுலபமான கதையை முதலில் எழுதினேன்.

3

சுலபமான கதை இது.

ஐந்து பேர் வேலை செய்கிற அலுவலகம். ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். வலைப்பக்கங்களுக்குப் பின்னணி செய்கிற பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் அவளைப் 'பின்னணி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிழை கண்டுபிடிக்கிறவன் பெயர் கழுகு. எவ்வளவு சின்னப் பிழையானாலும் வட்டமிட்டு வந்து கொத்திவிடுவான்.

"பின்னணி, இன்னைக்கு யாருக்குப் பாட்டுப் பாடற?"

"உனக்குத்தான். நீ வாயை மட்டும் அசை, போதும்."

• அந்த அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிடப் பத்து வயது பெரியவரான முதலாளிக்கும் அக்கா. எந்தப் பக்கமும் அவர் பார்க்காமல் வெளியே போகாது. 'அக்கா பார்த்தாச்சா?' என்பதுதான் அங்கே எந்த வேலைக்கும் கடைசிக் கேள்வி. 'பார்த்தாச்சு' என்றால் முடிந்தது, அனுப்பலாம் என்று பொருள்.

ஆக, குறிப்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அக்கா உண்மையிலேயே பார்க்கிறாரா, இல்லை பார்த்த மாதிரித் தலையாட்டுகிறாரா என்று சோதிக்கப் பின்னணி ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றி வைக்கிறாள். கழுகோடு பந்தயம். நாலு நாள் அக்கா கண்டுபிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் அக்கா தேநீர்க் கோப்பையோடு வந்து

நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படித்த நண்பர்கூடச் சிரித்தார். சிரித்துவிட்டு, "எல்லாம் சரி, இந்தப் பின்னணிக்குப் பின்னணியே இல்லையே" என்றார். கதாபாத்திரத்துக்கு வீடு, வாசல், வலி எதுவும் இல்லை என்கிறார்.

அவர் சொன்னதற்காக நிறுத்தவில்லை. 'இன்னும்' என்ற சொல்லால் நிறுத்தினேன். பந்தயம் கட்டியவள் 'அக்கா பார்க்கவில்லை' என்று எழுதுவாள். 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதுகிறவள் யாருக்காகவோ காத்திருக்கிறாள்.

வீட்டில் ஓர் அக்கா இருக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

4

வீட்டு அக்கா ஒரு பதிப்பகத்தில் இருபத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கிற வேலை. எழுத்துகளின் தலையில் விட்டுப்போன புள்ளிகளைத் தேடித் தேடி வைத்தே பாதி ஆயுள் போயிற்று என்பாள். ஒருமுறை பல் மருத்துவர் ஒருவரின் புத்தகத்தில் 'பல் வலி' என்பது அட்டையிலேயே 'பல வலி' என்று வந்துவிட்டது. கடைசி நேரத்தில் பிடித்தாள். "அந்தாளு எல்லா வலிக்கும் மருந்து குடுக்கணும்னு கூட்டம் கூடியிருக்கும்" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்து மாதத்துக்கு முன் அவள் மூளையின் வலது பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக் கட்டு. கையும் காலும் சீக்கிரம் தேறின. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிண்டல் உட்பட. பத்தாம் வாரம் வீட்டிலிருந்தே ஒரு மெய்ப்பைப் பார்த்துக் கொடுத்தாள். பதிப்பகத்திலிருந்து அதைத் தங்கைக்கு அனுப்பினார்கள், ஒன்றும் சொல்லாமல். ஒவ்வொரு பக்கத்திலும் வலது பாதியில் ஒரு பிழைகூடத் தப்பவில்லை. இடது பாதியில் ஒரு பிழையைக்கூடத் தொடவில்லை.

கண்ணில் கோளாறு இல்லை என்றார் மருத்துவர். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்பாள். பின்னணி எழுந்து வந்து தட்டைத் திருப்பி வைப்பாள். "இதை முதல்லயே வச்சிருக்கலாம்ல?"

"மறந்துட்டேங்கா."

உனக்கு இடது பக்கம் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். எனக்கு எல்லாம் தெரியுது, உங்களுக்குத்தான் என்மேல சந்தேகம் என்பாள். அக்கா போய்வருகிற பிசியோதெரபி நிலையத்தில் பயிற்சி கொடுக்கிற அம்மா பின்னணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இடது பக்கம் பாருங்க, பாருங்கன்னு நீங்க சொன்னா பாப்பாங்கம்மா. அது நீங்க பாக்கறது. அவங்களாவே ஒருநாள் அந்தப் பக்கம் போகணும். எதையாவது அவங்களே கண்டுபிடிக்கணும். அதுவரைக்கும் தனியா ரோட்டைக் கடக்க விட்டுடாதீங்க."

/* இந்த நோய் உண்மையில் இருக்கிறது. இந்த அக்கா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. எழுத எழுத இருக்கிறாள் போலவே தோன்றுகிறது. */

அந்த நிலையத்தின் வலைப்பக்கத்தைப் புதுப்பிக்கிற வேலை பின்னணியின் அலுவலகத்துக்கு வந்தது தற்செயல். கதையில் ஒரு தற்செயலை அனுமதிப்பார்கள் என்று நம்புகிறேன். அக்கா தினமும் காலையில் செய்த பயிற்சியை அந்தப் பக்கத்தில்தான் குறிக்க வேண்டும். அதாவது, ஊரில் வேறு யார் பார்க்காவிட்டாலும் பின்னணி செய்த ஒரு பின்னணியை அவள் அக்கா தினமும் அரை மணி நேரம் பார்ப்பாள்.

பக்கம் சோதனைக்காக வெளியானபின் ஒரு நாள் அவள் அந்தப் புள்ளியை வைத்தாள். இடது ஓரம், ஒன்பதாவது வரிசை. மேலே வைத்தால் கண்டுபிடிக்காமலே கண்ணில் பட்டுவிடும், கீழே வைத்தால் கஷ்டம் என்று யோசித்திருப்பாள். பிழை என்று யாராவது எடுத்துவிடக் கூடாதே என்று குறிப்பும் எழுதினாள், இரண்டு வாக்கியம். மூன்றாவது அப்போது இல்லை.

5

ஒரு காலை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். பின்னணி காய் நறுக்குகிற சாக்கில் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னக்கா படிக்கறே?"

"பதிவுன்னு போட்டிருக்கான்."

'முன்பதிவு' என்றுதான் இருந்தது.

"அப்புறம்?"

"எப்போது தொடங்கியதுன்னு கேக்கறான்." அக்கா கண்ணாடியை இறக்கினாள். "எதுன்னே சொல்லல பாரு. வாக்கியத்துல எழுவாயே இல்ல. எப்போது தொடங்கியதுன்னு மொட்டையாக் கேட்டா மனுஷன் என்னத்தைச் சொல்வான்? யாருடி இதை எழுதினது?"

வரியின் இடது முனையில் 'வலி' என்ற சொல் இருந்தது. பின்னணி காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

/* இங்கே ஐந்து வரி எழுதி ஐந்தையும் எடுத்துவிட்டேன். */

"பின்னாடி எப்படி இருக்கு?" என்று பின்னணி கேட்டாள்.

"எதுக்குப் பின்னாடி?"

"எழுத்துக்குப் பின்னாடி."

அக்கா திரையை நோக்கிக் குனிந்தாள். வேலையில் இருந்தபோது எப்படிப் பார்ப்பாளோ அப்படி, வரிசை வரிசையாக, விரலை வைத்துக்கொண்டு பார்த்தாள். விரல் வலது ஓரத்தில் தொடங்கி நடுவரை வந்தது. நடுவில் ஏதோ சுவர் இருப்பதுபோல் நின்று, மறுபடி வலதுக்கே போனது. ஒன்பதாவது வரிசையிலும் நடுவரை வந்தது. பின்னணியின் கத்தி நின்றது. விரல் பத்தாவது வரிசைக்கு இறங்கியது.

"புள்ளி புள்ளியா இருக்கு. நீ போட்டதா?"

"ம்."

"ஒரு தப்பும் இல்ல."

அக்கா அவளைப் பாராட்டியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் அவள் எழுதிய கட்டுரைகளில்கூட ஒற்று விட்டுப்போன இடங்களைச் சுழித்துத்தான் கொடுப்பாள்.

அன்று அலுவலகம் போனதும் பின்னணி குறிப்பில் மூன்றாவது வாக்கியத்தைச் சேர்த்தாள். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

6

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்தை நிலையத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் அதில் யாரும் கை வைக்க முடியாது. அதற்கு முன் எல்லாப் பிழைகளையும் எடுத்தாக வேண்டும். கழுகு செவ்வாய்க்கிழமை வட்டமிட ஆரம்பித்தான். புதன் மதியம் இறங்கினான்.

"பின்னணி. இடது ஓரம், ஒன்பதாவது வரிசை. ஒரு புள்ளிக்கு மட்டும் மூக்கு சிவந்திருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா எடு."

"உள்ள குறிப்பு இருக்கு, படி."

கழுகு படித்தான். பின்னணி கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என்ன கேட்பான், என்ன சொல்வது, அக்காவின் தட்டைப் பற்றிச் சொல்வதா, மெய்ப்பைப் பற்றியா என்று அவள் மனசுக்குள் வாக்கியங்களை எழுதி அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓ, அக்கா இன்னும் பாக்கலையா?" என்றான் கழுகு. "அதை வாயால சொல்றதுக்கென்ன. அக்கா பாக்காததுல நான் ஏன் தலையைக் குடுக்கறேன்." போய்விட்டான்.

அப்போதுதான் அவளுக்கே புரிந்தது, அந்த அலுவலகத்தில் அந்த வாக்கியத்துக்கு வேறு பொருள் கிடையாது என்று.

வியாழக்கிழமை மதியம் அலுவலக அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தப் புள்ளி."

"சொல்லுங்கக்கா."

"நான் இதைப் போன வாரமே பாத்துட்டேனே. நீ என்னமோ வேணும்னுதான் வச்சிருக்கேன்னு நினைச்சு விட்டுட்டேன். இப்பப் பாத்தா நான் இன்னும் பாக்கலன்னு எழுதி வச்சிருக்கே. ஊரெல்லாம் என்ன நினைக்கும்?"

பின்னணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, அடுத்த கட்டடத்தின் குழாயில் யாரோ மேலே திறந்துவிட்ட தண்ணீர் மாடி மாடியாக இறங்கிப் போவது கேட்டது. கீழே போய்ச் சேர்ந்து ஓய்ந்தது.

"உங்களைச் சொல்லலக்கா."

அக்கா யாரை என்று கேட்கவில்லை. மூன்று வாக்கியங்களையும் மறுபடி படித்தார். பக்கத்தின் உச்சியில் இருந்த நிலையத்தின் பெயரைப் படித்தார். ஐந்து மாதத்துக்கு முன் இவள் பத்து நாள் விடுப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில் 'வீட்டில் உடல்நிலை' என்று மட்டும் போட்டிருந்ததை நினைத்தாரோ என்னவோ. இடது ஓரப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து, நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்தார். போகிற வழியில் கழுகின் மேசையருகே நின்றார்.

"அந்தப் பிசியோதெரபி பக்கத்தை நான் இன்னும் பாக்கலப்பா. நான் பாக்கற வரைக்கும் யாரும் அதுல கை வைக்காதீங்க."

"நாளைக்குக் குடுக்கணுமேக்கா."

"குடுக்கலாம். பாத்துட்டுக் குடுக்கலாம்."

/* 'அக்கா அலுவலகத்தில் சொன்ன முதல் பொய் அது' என்று எழுதியிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன். */

7

இதற்குப் பிறகு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் வீட்டு அக்காவின் விரல் ஒருநாள் நடுவில் நிற்காமல் மேலே போகிறது. ஒன்பதாவது வரிசையின் ஓரத்தில் போய் முட்டுகிறது. "ஏண்டி, இங்க ஒரு தப்பு இருக்கே, இது உன் கண்ணுல படலையா?" என்று அக்கா திட்டுகிறாள். பின்னணி அழுகிறாள். இதை மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் எனக்கும் கண் கலங்கியது. அதனாலேயே இதை நம்பவில்லை.

இரண்டாவது முடிவில் விரல் நடுவிலேயே நிற்கிறது. வாரங்கள் போகின்றன. அலுவலக அக்காவால் ஓரளவுக்குத்தான் பார்க்காமல் இருக்க முடியும். முதலாளி கேட்கிறார், நிலையத்தார் கேட்கிறார்கள். ஒருநாள் அவர் 'பார்த்தாச்சு' என்று சொல்லவேண்டி வருகிறது. இதை ஒரு தடவைதான் எழுதினேன். கிழித்துவிடவும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் கதை மேசைமேல் பல நாள் கிடந்தது. கழுத்து வலி மட்டும் ஓயவில்லை. முந்தாநாள் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். நேரம் வாங்கத்தான் திறந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

புள்ளி இருக்கிறது. அதே ஓரம், அதே வரிசை, அதே செங்கல் நிறம். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

/* இந்தப் புள்ளி பிழை இல்லை. எடுக்க வேண்டாம். */

மூன்றாவது வாக்கியம் இல்லை.

திரும்பத் திரும்பத் தேடினேன். வேறெங்காவது நகர்த்தி வைத்திருக்கிறார்களா என்று கடைசி வரிவரை படித்தேன். இல்லை. யாரோ ஓர் அக்கா பார்த்துவிட்டார். எந்த அக்கா என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

பக்கத்தின் அடியில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி இருந்தது. 'உங்கள் பின்னணியில் இடது ஓரத்துப் புள்ளியை' வரை எழுதினேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அழித்தேன். பிறகு நான்காவது கேள்விக்குப் போனேன். முதல் சொல்லை இடது கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். எப்போது தொடங்கியது? அக்கா சொன்னது சரி. மொட்டையாகத்தான் இருக்கிறது. கையை எடுத்தேன். தோராயமாக ஒரு வருடத்தைப் போட்டு அனுப்பினேன். புதன்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கதையையும் அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. மூன்றாம் பகுதியில், ஒரு பத்தியின் இடது ஓரத்தில், தேவையில்லாமல் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்.

பிழை இல்லை, எடுக்க வேண்டாம் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் எழுதக் கை வந்தது. எழுதவில்லை. அது உங்களைப் பற்றியது. நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று உங்களுக்குத்தானே தெரியும்.